லூதர் போதாது: 1525ஐ வரலாற்றாசிரியர்கள் எப்படிப் படித்தார்கள்?

"இந்து மதத்தில் ஒரு லூதர் தோன்றவில்லை, அதனால்தான் சாதி ஒழியவில்லை" என்று நம் தோழர்கள் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். ஐரோப்பாவில் மறுமலர்ச்சி வந்தது, பிறகு மதச் சீர்திருத்தம், பிறகு அறிவொளிக் காலம், பிறகு பிரெஞ்சுப் புரட்சி. நமக்கு அந்த வரிசை வாய்க்கவில்லை, அதனால் இப்படி இருக்கிறோம் என்பது இந்தப் பேச்சின் சாரம். பள்ளிப் பாடநூலில் நாம் எல்லோரும் படித்த வரிசைதான். படிக்கட்டு மாதிரி அழகாக ஏறுகிறது.

இதற்கு அண்ணல் அம்பேத்கரையே சான்று காட்டுபவர்களும் உண்டு. அப்படிக் காட்டுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அவர் எழுதிய உரை 'சாதி ஒழிப்பு'. அழைத்தவர்களே பின்வாங்கியதால் அது பேசப்படாமல் போனது. அவர் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அரசியல் புரட்சிகளுக்கு முன்னால் சமூக, மதப் புரட்சிகள் நடந்திருக்கின்றன என்று அதில் வாதிடுகிறார். லூதர் தொடங்கிய சீர்திருத்தம் ஐரோப்பிய மக்களின் அரசியல் விடுதலைக்கு முன்னோடியாக இருந்தது என்பது அவர் அடுக்கும் சான்றுகளில் ஒன்று.

நான் கேட்க விரும்புவது, எந்தச் சீர்திருத்தம் என்பதைத்தான். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரே நேரத்தில் இரண்டு சீர்திருத்தங்கள் நடந்தன. ஒன்று லூதருடையது. இன்னொன்று, அதே பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்படியானால் நாங்கள் ஏன் அடிமைகள்?" என்று கேட்ட விவசாயிகளுடையது. இரண்டாவதை முதலாவது காட்டிக்கொடுத்தது. அந்த நிகழ்வை வரலாற்றாசிரியர்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக எப்படிப் படித்து வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நமக்கு லூதர் வேண்டுமா என்ற கேள்விக்கே வேறு பதில் கிடைக்கும்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1524 கோடையில் கருங்காட்டுப் பகுதியில் ஸ்டூலிங்கன் என்ற இடத்தில் விவசாயிகள் தம் பிரபுவுக்கு எதிராகத் திரண்டார்கள். அறுவடை நேரத்தில் பிரபுவின் மனைவி, நூல் சுற்றிக்கொள்ள நத்தை ஓடுகள் பொறுக்கி வரச் சொன்னாள், அதுதான் தீப்பொறி என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது எந்த அளவு உண்மையோ, கலகத்துக்கான காரணங்கள் நத்தையை விடப் பெரியவை. அடுத்த வசந்தத்துக்குள் ஸ்வாபியா, பிராங்கோனியா, துரிங்கியா, அல்சாஸ், டைரோல் என்று பல பகுதிகளுக்கு எழுச்சி பரவியது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் மேற்கு ஐரோப்பா கண்ட மிகப்பெரிய மக்கள் எழுச்சி இதுதான்.

1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் மூன்று விவசாயப் படைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அந்த நாட்களில் உருவானதுதான் பன்னிரண்டு கோரிக்கைகள் என்ற துண்டறிக்கை. செபாஸ்டியன் லோட்சர் என்பவர் எழுதினார் என்றும் கிறிஸ்டோஃப் ஷாப்லர் என்ற போதகர் உதவினார் என்றும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. லோட்சர் மதகுருவும் இல்லை, பேராசிரியரும் இல்லை; மயிர்த்தோலில் உடை தைக்கும் கைவினைஞர். அச்சு இயந்திரத்தின் காலம் என்பதால் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வெளிவந்து ஆயிரக்கணக்கில் பரவின.

அதில் என்ன கேட்டார்கள்? எங்கள் போதகரை எங்கள் சபையே தேர்ந்தெடுக்கும், நீக்கும். தானியத்தில் கொடுக்கும் தசமபாகம் போதகருக்கும் ஊர் ஏழைகளுக்கும் போக வேண்டும். காட்டு விலங்கும் ஆற்று மீனும் விறகும் பிரபுவின் தனிச்சொத்து ஆகாது. வெட்டி வேலையைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. நிலம் தாங்காத குத்தகையைக் குறைக்க வேண்டும். பிரபுக்கள் வளைத்துப்போட்ட பொது மேய்ச்சல் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். வீட்டில் ஒருவர் செத்தால் விதவையிடமும் அநாதைகளிடமும் பிரபு பறிக்கும் சாவு வரி ஒழிய வேண்டும்.

இவற்றுக்கு நடுவில் மூன்றாவது கோரிக்கை நிற்கிறது. கிறிஸ்து தன் இரத்தத்தைச் சிந்தி எல்லோரையும் மீட்டார், ஆடு மேய்ப்பவனையும் சேர்த்து, மிக உயர்ந்தவனையும் சேர்த்து. ஆகவே நாங்கள் சுதந்திரமானவர்கள், எங்களைச் சொந்த உடைமையாக வைத்திருப்பது இனி செல்லாது என்கிறது அது. கடைசிக் கோரிக்கை இன்னும் நேர்மையானது: இவற்றில் எதுவும் வேதத்துக்கு முரண் என்று காட்டுங்கள், அதைக் கைவிடுகிறோம்.

பண்ணையடிமை முறை என்றால் என்ன என்று கெம்ப்டன் மடத்தைப் பார்த்தால் புரியும். அங்கே நிலப்பிரபு ஒரு மடாதிபதி. சுதந்திரக் குடியானவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிமை நிலைக்குத் தள்ளியது அந்த மடம். அதற்குப் பயன்பட்ட முக்கியக் கருவி திருமணம். சுதந்திர மனிதர் ஒருவர் அடிமைப் பெண்ணை மணந்தால் அவரையும் அடிமையாக்கு. பிறக்கும் குழந்தைகள் இருவரில் தாழ்ந்தவரின் நிலையைப் பெறுவார்கள். பிரபுவின் ஆட்களுக்கு வெளியே திருமணம் செய்தால் தண்டம். மனிதரைப் பிறப்பிலேயே பிடித்து வைக்க வேண்டுமானால் படுக்கையறையைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மடாதிபதிக்கும் தெரிந்திருந்தது. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே அம்பேத்கர் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

லூதரின் பதில்

ஐந்தாண்டுகளுக்கு முன்னால், 1520இல், கிறிஸ்தவ மனிதனின் சுதந்திரத்தைப் பற்றி லூதர் ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். நம்பிக்கையுள்ளவர் யாருக்கும் அடிமை இல்லை என்று அது சொன்னது. விவசாயிகள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். தங்கள் கோரிக்கைகளைச் சரிபார்க்கக்கூடிய நடுவர்களில் ஒருவராகவும் அவரைக் கருதினார்கள்.

1525 ஏப்ரலில் லூதர் பதில் எழுதினார். நியாயமாகச் சொன்னால், முதலில் பிரபுக்களைத்தான் கடிந்தார்; உங்கள் பேராசைதான் இதற்குக் காரணம் என்றார். பிறகு விவசாயிகள் பக்கம் திரும்பினார். மூன்றாவது கோரிக்கை கிறிஸ்தவ சுதந்திரத்தை உடல் சார்ந்த விஷயமாக மாற்றுகிறது என்றார். ஆபிரகாமிடமும் அடிமைகள் இருந்தார்களே என்றார். அடிமையாக இருந்துகொண்டே ஒருவர் நல்ல கிறிஸ்தவராக இருக்க முடியும், மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு இல்லாமல் உலக ஆட்சி நிற்காது என்பது அவர் வாதம்.

மே மாதம் அடுத்த நூல். கொள்ளையடிக்கும் கொலைகார விவசாயக் கும்பலை வெறிநாயைக் கொல்வதுபோல் வெளிப்படையாகவோ மறைவாகவோ குத்திக் கொல்லலாம் என்று பிரபுக்களுக்குச் சொன்னது அது. பிரபுக்களுக்கு அனுமதி தேவைப்படவும் இல்லை. மே 15 அன்று பிராங்கன்ஹவுசனில் தாமஸ் மூண்ட்சர் முன்னின்ற விவசாயப் படையில் ஏறக்குறைய 6,000 பேர் கொல்லப்பட்டார்கள். எதிர்ப்பக்க இழப்பு விரல்விட்டு எண்ணக்கூடியது. மூண்ட்சர் சித்திரவதைக்குப் பின் அதே மாதம் தலை வெட்டப்பட்டார். கிட்சிங்கன் நகரில் காசிமிர் என்ற சிற்றரசர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைத் தோண்டவைத்தார். மொத்தம் செத்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு.

விவசாயிகளும் இரத்தம் சிந்தினார்கள். 1525 ஈஸ்டர் ஞாயிறன்று வைன்ஸ்பெர்க்கில், சரணடைந்த பிரபுவையும் அவர் கூட்டாளிகளையும் ஈட்டி வரிசைக்குள் ஓடவிட்டுக் கொன்றார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ராங்கே முதல் பிளிக்லே வரை

இதை வரலாறு எழுதியவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

நவீன வரலாற்றுத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் லியோபோல்ட் ஃபான் ராங்கே, 1839 முதல் வெளிவந்த தன் சீர்திருத்தக் கால வரலாற்றில், இந்த எழுச்சியை ஜெர்மனியில் நிகழ்ந்த பெரும் இயற்கை நிகழ்வாக வர்ணித்தார். புயல், வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி. வென்றிருந்தால் அமைதியான வளர்ச்சிக்கே வழியிருந்திருக்காது என்பது அவர் கவலை. ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து படித்தவர், தகவலில் கெட்டிக்காரர். அரசர்களின் தூதர்கள் எழுதிய கடிதத்தில் சிந்தனையைத் தேடியவருக்கு, தோல் தைப்பவர் எழுதிய கோரிக்கையில் இயற்கைச் சீற்றம் மட்டுமே தெரிந்தது. வெள்ளத்துக்கு வாதம் கிடையாது அல்லவா? அதோடு யாரும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதும் இல்லை.

ஹெகலுக்குச் சீர்திருத்தம் எல்லாவற்றையும் ஒளிரச் செய்யும் சூரியன். மாக்ஸ் வெபர் 1904, 1905இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில் அதன் பாதிப்பை முதலாளித்துவத்தின் மனப்பாங்கில் தேடினார். இரண்டு பேருமே சீர்திருத்தத்தின் முக்கியத்துவத்தைப் பின்னால் வந்த வெற்றியாளர்களிடமிருந்து அளக்கிறார்கள்: தேசம், அரசு, மூலதனம். பள்ளிப் பாடநூலின் படிக்கட்டு வரிசை இந்த மரபிலிருந்துதான் வருகிறது. அதில் 1525க்குப் படி கிடையாது.

ராங்கேவின் காலத்திலேயே மறுகுரலும் எழுந்தது. வில்ஹெல்ம் சிம்மர்மான் என்ற போதகர் 1841 முதல் 1843 வரை விவசாயிகள் போரின் முழு வரலாற்றை அவர்கள் பக்கம் நின்று எழுதினார். அவர் தொகுத்த தகவல்களை வைத்து, 1848 புரட்சி தோற்றபின் 1850இல் லண்டனில் இருந்துகொண்டு எங்கெல்ஸ் 'ஜெர்மனியில் விவசாயிகள் போர்' நூலை எழுதினார். எங்கெல்ஸின் சாதனை பெரியது. இயற்கைச் சீற்றம் என்று சொல்லப்பட்டதற்குள் வர்க்கங்களைக் காட்டினார். கத்தோலிக்கப் பிற்போக்கு, லூதரின் நகரத்தார் சீர்திருத்தம், மூண்ட்சரின் புரட்சி முகாம் என்று மூன்றாகப் பிரித்தார். லூதரை அவர் இடத்தில் வைத்தார்.

ஆனால் எங்கெல்ஸிடம் ஒரு சிக்கல் உண்டு. மதம் அவருக்கு அந்தக் காலத்தின் உடை மட்டுமே. உள்ளே இருப்பது பொருளாதாரம். அப்படியானால் மூன்றாவது கோரிக்கையில் கிறிஸ்துவின் இரத்தம் எதற்கு வருகிறது? வெறும் அலங்காரத்துக்கா? மத நம்பிக்கையும் சமூக மதிப்பும் தம் அளவிலேயே அதிகாரம்தான், எல்லாம் சொத்தில் அடங்கிவிடாது என்று 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இந்திய சோசலிஸ்டுகளிடம் வாதாடினார். அந்த வாதத்தை எங்கெல்ஸின் 1525க்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து குந்தர் ஃபிரான்ஸ். 1933இல் அவர் எழுதிய 'ஜெர்மன் விவசாயிகள் போர்' பல பத்தாண்டுகள் அடிப்படை நூலாக இருந்தது. விரிவடையும் பிரபுக்களின் அரசு ஒரு பக்கம், தன்னாட்சி கேட்ட கிராம சமூகம் மறுபக்கம். இது அரசியல் மோதல் என்றார். பழைய வழக்கத்தை மீட்கக் கேட்டவர்களையும் தெய்வ நீதியை வைத்துக் கேட்டவர்களையும் பிரித்துக் காட்டினார். பயனுள்ள பகுப்பாய்வு. ஆனால் ஃபிரான்ஸ் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், எஸ்.எஸ். அமைப்பிலும் இருந்தவர். 1525இல் விவசாயி தேடிய இடம் ஹிட்லரின் ஆட்சியில் கிடைத்துவிட்டது என்ற தொனியில்தான் அவர் முதல் பதிப்பு முடிந்தது. மண்ணின் மைந்தன், இரத்தம், நிலம் என்ற மொழிக்குள் அடிமைகளின் எழுச்சியை எவ்வளவு எளிதாக இழுத்துக்கொள்ள முடிந்தது பாருங்கள். நம் ஊரில் சாதிச் சங்கங்கள் கலகக்காரர்களைக் குலப்பெருமைச் சிலைகளாக மாற்றும் வித்தையும் இதுதான்.

போருக்குப் பின் ஜெர்மனி இரண்டானது, 1525ம் இரண்டானது. கிழக்கு ஜெர்மனி சீர்திருத்தத்தையும் விவசாயிகள் போரையும் சேர்த்து 'முன்கால முதலாளித்துவப் புரட்சி' என்றது. 1960இல் மாக்ஸ் ஸ்டைன்மெட்ஸ் இதற்கான கருதுகோள்களை வகுத்தார். மூண்ட்சரின் முகம் ஐந்து மார்க் நோட்டில் ஏறியது. பிராங்கன்ஹவுசனில் ஓவியர் வெர்னர் டியூப்கேவின் பிரம்மாண்ட ஓவியத்துக்குத் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டு 1989 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. அந்த ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த தகவல்கள் மதிப்புள்ளவை. ஆனால் விவசாயிகள் நடத்திய எழுச்சியை முதலாளித்துவப் புரட்சி என்று அழைக்க வேண்டியிருந்ததே, அந்தச் சட்டகத்தின் பலவீனம் அங்கே இருக்கிறது. விவசாயி தனக்காகச் சிந்தித்தார் என்று சொல்ல அதில் இடம் குறைவு. வரலாற்றின் கால அட்டவணைக்கு அவர் உதவியாள்.

1975இல், போரின் 450ஆம் ஆண்டில், பீட்டர் பிளிக்லே 'சாமானியரின் புரட்சி' என்ற கருத்தை வைத்தார். விவசாயி மட்டும் இல்லை, ஆட்சியில் பங்கில்லாத நகரத்தார், சுரங்கத் தொழிலாளர் எல்லோரும் சேர்ந்தவர் அவருடைய சாமானியர். அவர் செய்த முக்கியமான வேலை, மேல் ஸ்வாபியாவின் கிராமங்கள் எழுதிக்கொடுத்த புகார்ப் பட்டியல்களைச் சிந்தனை ஆவணங்களாகப் படித்தது.

அந்தப் படிப்பிலிருந்து வந்த வாதம் நமக்கு நேராகப் பொருந்தும். 1525க்கு முன்னால் கிராமங்கள் பிரபுவோடு சண்டையிட்டபோதெல்லாம் பழைய வழக்கத்தைக் காட்டின. "எங்கள் பாட்டன் காலத்தில் இந்த வரி இல்லை" என்றன. வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். அதனால் ஊர்கள் ஒன்றுசேர முடியாது. இன்னும் மோசம், அடிமைத்தனமே பழைய வழக்கமாக இருக்கும் ஊரில் வழக்கத்தைக் காட்டி விடுதலை கேட்க முடியாது. சீர்திருத்தம் வேதத்தை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தபோது, விவசாயிகளுக்கு எல்லா ஊர் வழக்கத்துக்கும் மேலே நிற்கும் ஓர் அளவுகோல் கிடைத்தது. தெய்வ நீதி என்ற அந்தச் சொல்லால் வெவ்வேறு பிரபுக்களின் குடிகள் ஒரே கோரிக்கையின் கீழ் வந்தார்கள். மதம் இங்கே உடையாகவும் இல்லை, காரணத்தின் நிழலாகவும் இல்லை. அது நெம்புகோல்.

சகோதரர்கள் யார்?

பிளிக்லேயோடு நின்றுவிடவும் முடியாது. 'சாமானியர்' என்று அவர் பெயர்த்தெடுத்த ஜெர்மன் சொல் ஆணைக் குறிக்கும் சொல். வீடும் நிலமும் உள்ள குடும்பத் தலைவர்தான் கிராம சபையில் பேசுவார். பெண்ணியக் கேள்வியோடு இதை அலசியவர் லிண்டல் ரோப்பர். 1989இல் வெளிவந்த நூலில், அவுக்ஸ்பர்க் நகரத்துச் சீர்திருத்தம் கைவினைஞர் வீட்டின் தந்தை அதிகாரத்தை எப்படி இறுக்கியது என்று காட்டினார். விவசாயிகள் போரின் 500ஆம் ஆண்டான 2025இல் அந்தப் போரைப் பற்றியே தனி நூல் எழுதினார். நீரும் காடும் மீனும் படைத்தவனால் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டவை என்ற விவசாயிகளின் எண்ணத்தையும், அவர்கள் பேசிய 'சகோதரத்துவம்' பெண்களை எங்கே விட்டது என்பதையும் சேர்த்தே பேசுகிறார்.

பெண்கள் களத்தில் இல்லாமல் இல்லை. பொக்கிங்கன் ஊரைச் சேர்ந்த மார்கரெட் ரென்னர் என்ற பண்ணையடிமைப் பெண் ஹைல்பிரான் பகுதியில் படைகளைத் தூண்டி நடத்தியவர். பிரபுக்களின் ஆவணங்கள் அவரைக் கரிய சூனியக்காரி போல எழுதிவைத்தன. யூதர்களுக்கும் அந்தச் சகோதரத்துவத்தில் இடமில்லை. அல்சாஸில் விவசாயப் படைகள் தம் மக்களைத் தாக்கிவிடக் கூடாது என்று ரோசைம் யோசெல் என்ற யூதத் தலைவர் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. லூதரோ 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூலில் அவர்களின் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தச் சொன்னார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஒவ்வொரு வரலாற்றாசிரியரும் அவரவர் காலத்தின் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறார், எல்லாம் பார்வைதான்" என்று முடித்துவிடுவது எளிது. கல்லூரித் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். எனக்கு அது ஒப்பவில்லை. எல்லோரும் ஒரு காலத்தில் நின்றுதான் எழுதினார்கள், சரி. ஆனால் சில பார்வைகள் சான்றுகளைத் தாங்குகின்றன, சில தாங்குவதில்லை. பன்னிரண்டு கோரிக்கைகள் அச்சில் இருக்கின்றன. தங்களை வேதத்தால் திருத்தச் சொல்லி முடியும் ஓர் ஆவணத்தை இயற்கைச் சீற்றம் என்று படிப்பது பார்வை வேறுபாடு இல்லை, தவறான படிப்பு. எழுதத் தெரிந்த தோல் தொழிலாளியைச் சிந்தனையாளராக எண்ண முடியாத ஒரு மனநிலை அங்கே வேலை செய்கிறது. அந்த மனநிலையை அடையாளம் காண நமக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

1525ஐ நடுவில் வைத்தால் பாடநூலின் படிக்கட்டும் ஆட்டம் காண்கிறது. லூதரின் சீர்திருத்தம் தானாக விடுதலையில் போய் முடிந்தது என்றால், லூதரன் நாடான பிரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணை 1807 வரை ஏன் வரவில்லை? எல்பே நதிக்குக் கிழக்கே சீர்திருத்தத்துக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில்தான் அந்த முறை இன்னும் இறுகியது. மறுபக்கம், 1525 முழுத் தோல்வியும் இல்லை. கெம்ப்டன் விவசாயிகள் 1526இல் மடத்தோடு எழுத்து ஒப்பந்தம் பெற்றார்கள். அதன்பின் தென்ஜெர்மன் குடியானவர்கள் தொடர்ந்து நீதிமன்றங்களை நாடினார்கள். மோதல் சட்டத்துக்குள் இழுக்கப்பட்டதை வின்ஃபிரீட் ஷூல்ட்ஸே விரிவாக ஆராய்ந்தார். கிடைத்த கொஞ்சமும் எழுந்து நின்றவர்களால் கிடைத்தது.

தரங்கம்பாடிக்கு வந்த வாதம்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பண்ணையடிமை முறையும் சாதியும் ஒன்றில்லை. பண்ணையடிமை பணம் கட்டி விடுதலை வாங்கலாம். நகரத்துக்குத் தப்பி ஓடினால் புதிய மனிதராகலாம். அவர் தொட்ட தண்ணீர் தீட்டாகவில்லை. அவரை அடிமையாக வைத்தது பிரபுவின் உரிமைப் பத்திரம். அவர் பாவப்பட்ட பிறவி என்று வேதமே சொல்வதாக ஒரு படிநிலை அங்கே இல்லை. அதனால்தான் அவர் வேதத்தைப் பிரபுவுக்கு எதிராகத் திருப்ப முடிந்தது. நம் சாத்திரங்களை அப்படித் திருப்ப முடியாது என்பதால்தான் அவற்றின் புனிதத்தையே தகர்க்க வேண்டும் என்றார் அம்பேத்கர்.

ஆனால் லூதர் மூன்றாவது கோரிக்கைக்குச் சொன்ன பதில் மட்டும் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக் கிறிஸ்தவர்களும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட கிறிஸ்தவர்களும் தனித்தனியே அமர்ந்தார்கள். நூறாண்டுக்குப் பின், 1833இல், ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். பின்னர் லுத்தரன் சபை அவர்களில் பலருக்குப் புகலிடமானது. திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரௌல்தான் அந்த லைப்சிக் மிஷனின் தலைவர். சாதி ஒரு சமூக வழக்கம், நற்செய்தி அதை மெதுவாகக் கரைக்கும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. ஆன்மா சமம், இருக்கை வேறு. 1525 ஏப்ரலில் எழுதப்பட்ட பதிலின் எலும்பு இதில் தெரிகிறதா இல்லையா?

இப்போது அம்பேத்கரிடம் திரும்புவோம். லூதரைச் சான்று காட்டிய பிறகு, காந்திக்கு எழுதிய மறுமொழியில், சாதுக்களையும் பக்தி ஞானிகளையும் பற்றி அவர் ஒரு கறாரான தீர்ப்பு சொல்கிறார். அவர்கள் கடவுளின் முன்னால் எல்லோரும் சமம் என்றார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் சமம் என்று சொல்லவில்லை. முதலாவது யாருக்கும் தொந்தரவு தராத போதனை, அதை ஏற்பதில் யாருக்கும் கஷ்டமில்லை என்பது அவர் கருத்து. அந்த அளவுகோலை லூதர் மேல் வைத்துப் பாருங்கள். கடவுள் முன் சமம் என்பதோடு நின்றவர் லூதர். அந்தக் கோட்டைத் தாண்டி, மனிதர் முன்னும் சமம், ஆகவே இந்த வரியைக் கட்ட மாட்டோம், இந்த உடலை உடைமையாகத் தர மாட்டோம் என்று எழுதியவர் லோட்சர். அம்பேத்கரின் இரண்டு வாதங்களையும் சேர்த்துப் படித்தால், அரசியல் விடுதலைக்கு முன்னோடி என்ற பெருமை மெம்மிங்கனில் கூடியவர்களுக்குத்தான் போகும்.

அதனால் தோழர்களே, நமக்கு லூதர் வரவில்லையே என்று ஏங்குவதை விடுங்கள். கடவுள் முன் எல்லோரும் ஒன்றே என்று சொன்னவர்களுக்கு இந்த மண்ணில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்கள் பெயரில் மடம் இருக்கிறது, விழா இருக்கிறது, அந்த விழாவுக்குப் போகும் தெருவில் தனிப் பாதையும் இருக்கிறது. அடுத்தமுறை யாராவது ஒரு சீர்திருத்தவாதியை உங்கள் முன்னால் நிறுத்தினால், மூன்றாவது கோரிக்கையைக் கேளுங்கள். நிலம், கூலி, தண்ணீர், திருமணம், சுடுகாடு இவற்றில் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ஆன்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.